ஐந்து கால் பாட்டு

வெள்ளைக்காரக் கப்பல்கள் நம் கரைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குப் புதிதாக எதைக் கண்டாலும் அதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. கப்பலில் வந்த கடிகாரத்தைப் பிரித்தார். அது ஓடுவதை நிறுத்திக்கொண்டது. பேசும் கிளியின் வாயைத் திறந்து பார்த்தார். அது விரலைக் கடித்தது.

ஒருநாள் அவருடைய சபைக்கு வில்மட் துரை என்ற ஆங்கிலேயத் தூதர் வந்தார். காணிக்கைகளை வைத்தபின், மழையைப் பற்றித் தாமே எழுதிய ஒரு பாட்டைப் படித்துக் காட்டினார். சபையில் யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று சீராக அசைந்தது. ராஜா தம்மை அறியாமல் தலையாட்டினார்.

"உங்கள் பாட்டை எப்படிக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

துரை சொன்னதைத் துபாஷி சொல்லுக்குச் சொல் பெயர்த்தான்: "மகாராஜா, இந்தப் பாட்டில் வரிக்கு ஐந்து கால் என்கிறார் துரை."

சபை திகைத்தது. ஒரே ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர்தான் அரண்மனை விகடகவி திருமேனி.

அந்தச் சிரிப்புக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் ஆஸ்தானப் புலவர் கனகசபேசர். இருபது வருடமாகத் தாம் பாடும்போது கொட்டாவி விடும் ராஜா, திருமேனி வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மன்னர் பெருமானே! திருமேனியார் சிரித்ததைக் கண்டால், பாட்டின் நுட்பம் அவருக்கு விளங்கிவிட்டதுபோல் தெரிகிறது. கால் உள்ளது நடக்க வேண்டுமல்லவா? அந்தப் பாட்டைச் சபையில் நடத்திக் காட்டட்டும்."

ராஜாவின் கண்கள் மின்னின. "ஆகா! ஐந்து காலால் அது எப்படி நடக்கிறது என்று நாமும் பார்க்க வேண்டும். திருமேனி, மூன்று நாள் தருகிறோம்."

"நடத்த முடியாவிட்டால், மன்னா?" என்றார் புலவர் பணிவாக.

"முடியாவிட்டால் அவன் கால் இந்த நாட்டு மண்ணில் படக்கூடாது" என்றார் ராஜா. சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் ராஜா வாக்கு ராஜா வாக்குதான்.

திருமேனி முதல் இரண்டு நாளும் துரையின் விடுதியே கதியென்று கிடந்தார். துரை படிக்க, துபாஷி பக்கத்தில் நிற்க, அவர் விரல் விட்டு எண்ணினார். நம் செய்யுளைப்போல் குறில் நெடில் பார்த்தார், கணக்கு உதைத்தது. எதுகை, மோனை தேடினார், அகப்படவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம்தான் ஒன்றைக் கவனித்தார். படிக்கும்போது துரையின் கைத்தடி தரையைத் தட்டியது. எல்லா அசைக்கும் தட்டவில்லை. ஒன்றை விட்டு ஒன்றைத் தட்டியது.

"அதை ஏன் தட்டுகிறார், இதை ஏன் விடுகிறார்?"

துபாஷி கேட்டுச் சொன்னான். "நீங்க அசை நீளமா குட்டையான்னு பார்க்கறீங்க ஐயா. அவங்களுக்கு அது கணக்கில்ல. குரல் எங்க அழுந்துதோ அதுதான் கணக்கு. மெதுவா ஒண்ணு, அழுத்தி ஒண்ணு. அந்த ஜோடிக்குப் பேருதான் கால்."

விளங்கியது. ஆனால் விளங்கியதை ராஜாவின் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? யோசனையோடு வாசலுக்கு வந்தால், கழற்றி வைத்திருந்த பாதக்குறடுகளில் ஒன்றைக் காணோம். துரையின் நாய் அதைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடியிருந்தது. மீதி ஒற்றைக் குறட்டை மாட்டிக்கொண்டு கல் பாவிய தெருவில் நடந்தார். வெறுங்கால் 'தொப்' என்றது. மரக்குறடு 'டக்' என்றது. தொப் டக், தொப் டக், தொப் டக்.

நான்கு வீடு தாண்டியதும் சட்டென்று நின்றார். பிறகு அந்த முழுத் தெருவையும் திரும்ப ஒருமுறை நடந்தார்.

வீட்டு வாசலில் நின்ற மனைவி பொன்னுருவி பதறிப்போனாள். "என்னங்க இது கோலம்? நாடு கடத்துறதுக்கு முன்னாலயே புத்தி கெட்டுப்போச்சா?"

"புத்தி இப்பத்தாண்டி வந்திருக்கு. அடுத்த குறட்டைத் தேடாதே" என்றார் திருமேனி.

மூன்றாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. திருமேனி ஒற்றைக் குறட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே சிரிப்பு கிளம்பியது. அவர் துரையின் பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே சிம்மாசனத்தை நோக்கி நடந்தார்.

"த ரெய்ன் ஹேஸ் வாஷ்ட் த டஸ்ட் ஃப்ரம் ஆல் த லீவ்ஸ்..."

'த' என்றபோது வெறுங்கால். 'ரெய்ன்' என்றபோது குறடு. பத்து எட்டு வைத்ததும் வரி முடிந்து நின்றார். மழை இலைகளின் தூசியைக் கழுவிவிட்டது என்று பொருளும் சொன்னார்.

"மன்னா, மெல்ல ஒரு எட்டு, அழுத்தி ஒரு எட்டு. என் இரண்டு கால் சேர்ந்தால்தான் துரை பாட்டுக்கு ஒரு கால். அப்படி ஐந்து. எண்ணிக்கொள்ளுங்கள்."

ராஜா விரலை மடக்கி எண்ணினார். சரியாக ஐந்து! துரை எழுந்து நின்று கை தட்டினார்.

"நடந்தது இவர். பாட்டு அல்ல" என்று குறுக்கிட்டார் கனகசபேசர். முந்தின நாளே அவர் துபாஷியைத் துருவி, தாளம் மாறி விழும் வரி ஒன்று துரையிடம் இருப்பதைத் தெரிந்துவைத்திருந்தார். "இவர் கால்போன போக்கில் பாட்டை இழுக்கிறார். இவர் கேட்டிராத வரியைத் துரை சொல்லட்டும். பாட்டு இவரை நடத்தட்டும், பார்ப்போம்."

ராஜா சம்மதித்தார். புலவர் கண்காட்ட, துபாஷி அந்த வரியையே துரையிடம் கேட்டான். துரை தயங்கிவிட்டுச் சொன்னார்: "கேட்டில் அண்ட் கார்ட்ஸ் ஆர் மூவிங் டு த டவுன்."

வெறுங்காலைத் தூக்கிய திருமேனி அப்படியே நின்றுவிட்டார். முதல் அசையே கனமாக விழுந்திருந்தது! தூக்கிய காலைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார்.

"துரை, இன்னொரு தரம்."

துரை சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டக் தொப் தொப் டக்... பிறகு பழைய நடைதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் முறை துரை தொடங்கியதும், 'கேட்' என்பதற்குக் குறட்டுக் காலை ஓங்கி வைத்தார். அடுத்து வெறுங்கால். அதே வெறுங்காலில் ஒரு துள்ளல். மறுபடி குறடு. அதற்குப் பிறகு ஒழுங்கான நடையாக, 'டவுன்' என்ற சொல்லில் குறடு டக்கென்று சிம்மாசனத்தின் கடைசிப் படியில் போய் நின்றது.

"மாடும் வண்டியும் ஊருக்குப் போகிறதாம், மன்னா! துபாஷி இப்போதுதான் காதில் சொன்னான். வண்டி கிளம்பும்போது ஒரு குலுக்கல் இருக்குமல்லவா? அதற்காகத்தான் துரை முதல் காலை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார். அது பிழை இல்லை, அழகு."

துபாஷி பெயர்த்துச் சொன்னதும் துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். "துரை ஊரிலே பத்து வருஷம் படிச்சவங்களும் இதைத் தப்புன்னுதான் சொன்னாங்களாம்" என்றான் துபாஷி.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, திருமேனியின் குறட்டைத் தாமே வாங்கி மாட்டிக்கொண்டு நடந்தார். துள்ள வேண்டிய இடத்தில் துள்ளத் தவறி, மந்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார். ஓரமாக நின்ற கனகசபேசர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. அவரும் புலவர்தானே. "திருமேனியாரே, அந்தத் துள்ளல் எத்தனையாவது அசையில்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மூன்றாவதில், ஐயா. நீங்கள் புது வரியைக் கேட்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது" என்றார் திருமேனி.

ராஜா தம் காலில் கிடந்த பொற்கழலைக் கழற்றினார். "பாட்டுக்குக் கால் கொடுத்தவனே, இந்தா! இரண்டு காலில் எதில் அணிவாய்?"

"குறடு போட்ட காலில்தான், மன்னா" என்றார் திருமேனி. "வெறுங்காலில் போட்டால் அதுவும் கனத்து, துரையின் பாட்டு கெட்டுவிடும்."

ராஜாவின் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.