பாதை காட்டிய வாட்ச்

தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடுவதாக முதலாளியிடம் அளந்துவிட்டார் மில் மேனேஜர் தணிகாசலம். முதலாளி ஆதாரம் கேட்டதும், வாட்ச்மேன் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"நல்ல வாட்சா வாங்கி, கட்டிக்கிட்டு எனக்குப் பதிலா நீ ஓடு. தூரம், வேகம் எல்லாம் துல்லியமா காட்டணும். குட்டு உடைஞ்சா உன் வேலை போச்சு!"

மூட்டுவலியோடு இருளப்பன் எத்தனை நாள் ஓடுவான்? கடையில், ஓடிய பாதையையும் படம் போட்டுக் காட்டும் வாட்சையே தேர்ந்தெடுத்தான்.

மாதக் கடைசியில் மேனேஜர், வாட்ச் கணக்கு பதிவான செல்போனை முதலாளியிடம் பெருமையாக நீட்டினார். பாதைப் படத்தைப் பார்த்த முதலாளி நெற்றியைச் சுருக்கினார். இருளப்பன் வாசலில் நின்றிருந்தான்.

"ஓட்டம் தினமும் வாட்ச்மேன் ரூம்ல ஆரம்பிச்சு அங்கேயே முடியுதே! உங்க பங்களாவை விட்டுட்டு அங்கேயா படுக்கிறீங்க?"

மேனேஜர் இருளப்பனை முறைத்தார்.

"துல்லியமா காட்டணும்னு ஐயாதானே சொன்னீங்க?" என்றான் இருளப்பன்.