தூணாய்ப் போன முதுகெலும்பு

மலையும் மரமும் மனுசங்களோட பேசிக்கிட்டிருந்த ரொம்பப் பழைய காலம் அது. மாமலை நாட்டுல பூவாயின்னு ஒருத்தி. அவளும் புருசன் சடையனும் உப்பு மூட்டையைத் தலையில சுமந்து மலை தாண்டிப் பிழைக்கிறவங்க.

அந்த மலை உச்சியில ஒரு மந்திரவாதி. அரண்மனை கட்டணும்னு அவனுக்கு ஆசை. கல்லும் மரமும் ஆகாதாம், மனுச எலும்புதான் வேணுமாம். இருக்கிற கேட்டுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்! குழலை எடுத்து ஊதுவான். கேட்டவங்க மண்டையோடு கழண்டு விளக்குக் கூண்டாகும், விலா எலும்பு கூரை வளைவாகும், முதுகெலும்பு தூணாகும். கையையும் காலையும் மட்டும் விட்டுடுவான்.

ஒருநாள் காலையில பூவாயி தண்ணி எடுக்கப் போயிருந்தப்ப, அடிவாரத்துல சடையன் காதுல குழல் சத்தம் விழுந்துச்சு. ஈரவேட்டி மாதிரி அப்படியே சரிஞ்சான். மூச்சு மட்டும் ஓடுது. முன்னாடி விழுந்து கிடக்கிறவங்களுக்கும் அப்படித்தான்; அன்னிக்குப் பொழுது சாஞ்சு அரண்மனை முடிஞ்சா அத்தனை பேர் மூச்சும் நின்னுடும். பூவாயி அழுதுக்கிட்டு நிக்கல, மலையேறிட்டா.

"எம் புருசனோட எலும்பைக் குடு"ன்னு கேட்டா.

மந்திரவாதி சிரிச்சான். "மூணு தரம் கூப்பிட்டுப் பார், அதுதான் என் மந்திரத்தோட விதி. வந்தா கூட்டிட்டுப் போ. வரலேன்னா உன் எலும்பும் எனக்கு."

முதல் தரம் அதட்டினா. "சடையன் எலும்பே, வா." எலும்பு அசையல. ரெண்டாந்தரம் கெஞ்சினா. "என் சாமியில்ல, வா." எலும்பு அசையல. பொழுது இறங்குது. இன்னும் ஒரே ஒரு தரம்தான் பாக்கி.

சுமைக்காரங்க வழக்கம் ஒண்ணு உண்டு. வழியில சுமைதாங்கிக் கல்லுல மூட்டையை இறக்கி இளைப்பாறினா, கிளம்பும்போது கல்லைத் தடவி, "நீ நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டுத்தான் போவாங்க. அது பூவாயிக்கு நெனப்பு வந்துச்சு. வழியில நிக்கிற கல்லுக்குச் சொன்னோம், கூடவே நடந்த எலும்புக்குச் சொன்னோமா? கைக்கு வளையல், காலுக்குத் தண்டை, முதுகெலும்புக்கு என்ன செஞ்சோம்? அவளுக்கு வெக்கமாப் போச்சு.

மூணாந்தரம், சடையன் முதுகெலும்பான தூணைத் தடவினா. "எத்தனை மூட்டையைத் தாங்கின! நீ நல்லா இருக்கணும்."

வளைவைத் தடவினா. "அவரு நெஞ்சைக் கூடு கட்டிக் காத்தியே, நீ நல்லா இருக்கணும்."

மண்டையோட்டைத் தடவினா. "வெயிலையும் சுமையையும் நீ வாங்கிக்கிட்டு, என் நெனப்பை உள்ள பத்திரமா வச்சிருந்தியே. நீ நல்லா இருக்கணும்."

தூணுக்குக் குரல் தழுதழுத்துச்சு. "இப்படி யாரும் சொன்னதில்ல தாயி. வாரோம்."

சடையனோடது மட்டுமா? கேட்டுக்கிட்டிருந்த அத்தனை எலும்பும் கழண்டு கிளம்பிடுச்சு. அரண்மனை பொலபொலன்னு சரிஞ்சுது. மந்திரவாதியோட முதுகெலும்பே அவனை விட்டுட்டு அதுங்க கூட நடந்துச்சுன்னா பாருங்களேன்!

"என்னோடதைத் திருப்பி அனுப்பு"ன்னு படுத்தபடி கத்தினான்.

"அதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லு, வரும்"னு சொல்லி, பூவாயி குழலை உடைச்சுப் போட்டா. அவனுக்கு வாய் வரணுமே! ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டே கிடந்தான்.

அடிவாரத்துல எலும்பெல்லாம் அவங்கவங்க உடம்புக்குள்ள புகுந்துச்சு. பொழுது சாயுற நேரம், சடையன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"முதுகு ரொம்ப வலிக்குது புள்ள."

பூவாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. "வலிக்கட்டும்யா. வலிக்கிறதுக்கு ஒரு முதுகு இருக்கே, அது போதும் எனக்கு"ன்னு தேய்ச்சுவிட்டா.

அவங்க நிமிர்ந்து நடந்து வீடு சேர்ந்தாங்க. குனிஞ்சு கேட்டது போதும், நீங்களும் நிமிருங்க.