பிளென்டி பாயசம்

கரட்டுப்பட்டியில் மாசிலாமணி என்று ஒரு சமையல்காரர் இருந்தார். அவருடைய கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஆளில்லை. காதில் விழுந்ததைப் புரிந்துகொள்வதில்தான் கொஞ்சம் சங்கடம். துணைக்குக் கொண்டல்சாமி, இருளப்பன் என்று இரண்டு பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது; வேலைக்குக் கிளம்பும்போது அதை யாராவது ஒருத்தர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

பம்பாயில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பிரம்மநாயகம், மகள் கல்யாணச் சமையலை இவர்களிடம்தான் ஒப்படைத்தார். நல்லபடி முடிந்தால் டவுன் மண்டபத்துச் சமையல் முழுக்க இனி மாசிலாமணிக்குத்தான் என்று பேச்சு.

கல்யாணத்தன்று காலையில் பிரம்மநாயகம் அடுப்படிக்கு வந்தார். "எங்க சம்பந்தி பாயசப் பிரியர். முந்திரி பிளென்டியா இருக்கணும், என்ன?"

"அதுக்கென்னங்க, இருந்துட்டுப் போகுது" என்றார் மாசிலாமணி. பிரம்மநாயகத்தின் தலை மறைந்ததும் மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. பிளென்டி என்றால் என்ன?

"பொடியா, நைஸா, பிளென்டியா... நறுக்குற தினுசுண்ணே" என்றான் கொண்டல்சாமி.

இருளப்பன் கண்ணை மூடி யோசித்தான். "பம்பாய்ல இருந்து இருந்து அவருக்குத் தமிழ் திருகிப்போச்சுண்ணே. முந்திரியைப் பிளந்தியான்னு கேக்கிறாரு."

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு முந்திரியையும் இரண்டாகப் பிளந்தார்கள்.

பிரம்மநாயகம் மறுபடி எட்டிப்பார்த்தார். "முந்திரி பிளென்டிதானே?"

"பிளந்தாச்சுங்க."

"இன்னும் பிளென்டியா வேணும்!"

நாலாக்கினார்கள். எட்டாக்கினார்கள். அதற்குமேல் கத்தி நுழையவில்லை. அம்மியில் வைத்துத் தட்டினார்கள். பிரம்மநாயகம் பாயசத்தை ருசி பார்க்க வந்தபோது அண்டாவில் ஒரு பருப்புகூடக் கண்ணில் படவில்லை.

"முந்திரி எங்கேய்யா?"

"அதுக்குள்ளதாங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிளந்திருக்கோம்."

பிரம்மநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "பிளென்டின்னா தாராளம்யா! நிறைய! அள்ளி அள்ளிப் போடு, ஊத்து!"

இவ்வளவுதானா என்று மாசிலாமணிக்கு மனசு லேசாகிவிட்டது. இன்னொரு பை முந்திரியை வறுத்து அப்படியே கவிழ்த்தார். பந்தி தொடங்கியதும், சம்பந்தியின் இலைக்கு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

சம்பந்தி ஆசையாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். மூன்றாவதாகக் கரண்டி வந்ததும் இலையைக் கையால் மறைத்து, "பிளென்டி, பிளென்டி!" என்றார்.

மாசிலாமணிக்குப் பூரிப்பு. ஊற்றினார்.

"ஐயோ, பிளென்டிப்பா!"

"டேய், இன்னொரு வாளி கொண்டாங்கடா! ஐயா வாய்விட்டுக் கேக்கிறாரு!"

பாயசம் இலையைத் தாண்டி மேஜையில் ஓடி, சம்பந்தியின் பட்டு வேட்டியில் இறங்கியது. அவர் எழுந்து நின்று "பிளென்டீ!" என்று கத்தினார். கொண்டல்சாமி ஒரு பக்கமும் இருளப்பன் ஒரு பக்கமுமாக வாளியைச் சாய்த்தார்கள்.

பிரம்மநாயகம் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். "இலையில உக்காந்தவர் பிளென்டின்னா போதும்னு அர்த்தம்யா!"

மூவரும் அடுப்படிக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"நிறையன்னாலும் அதே வார்த்தை, போதும்னாலும் அதே வார்த்தை. எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்றான் கொண்டல்சாமி.

மாசிலாமணி நெடுநேரம் யோசித்தார். "சாப்பிடாதவன் சொன்னா நிறைய. சாப்பிட்டவன் சொன்னா போதும்." மற்ற இருவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

சம்பந்தி நல்ல மனுஷர். வேட்டியை மாற்றிக்கொண்டு சிரித்தபடியே மேடையேறினார். மணமக்கள் காலில் விழ, அவர் கையை உயர்த்தி, "உங்க வாழ்க்கையில சந்தோஷம் பிளென்டியா இருக்கட்டும்!" என்று வாழ்த்தினார்.

அடுப்படி வாசலில் நின்ற மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பலை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"ஐயா, வேட்டி கெட்ட கோபத்தை எங்க மேல காட்டுங்க. சின்னஞ்சிறுசுக. தாலி கட்டி இன்னும் பூ வாடலை, அதுக்குள்ள சந்தோஷம் போதும்னு சொல்லலாமா?"