அம்மை உட்காரும் பலகை

மலையடிவாரத்து மடத்தில் தீட்சைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர் ஞானசிகாமணி. கல்லூரியில் தர்க்கம் கற்பித்து, விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு பேருந்து நடத்துனருக்கும் ஒரு மிட்டாய்க் கடைக்காரருக்கும் தீட்சை ஆகிவிட்டது. இந்த அநீதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மடத்தில் அதை அறியாதவரும் இல்லை.

மடத்தின் தலைவர் உலகாம்பிகை அம்மை. வயதில் சிகாமணியைவிடப் பதினொன்று குறைவு. எடையில் இரண்டு பங்கு.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் வந்தவர்கள் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை விட்டுப் போயிருந்தார்கள். வாசலில் அறுபது மூட்டை சேர்ந்திருந்தது.

சிகாமணி கைகட்டி நின்றார். "அம்மா, எனக்கு எப்போது தீட்சை?"

அம்மை மூட்டைகளைப் பார்த்தார். "இதிலிருந்து எனக்கு உட்காரப் பலகை ஒன்று செய்து தாரும். என்னைத் தாங்கட்டும். அன்றைக்கே தருகிறேன்."

சிகாமணி அம்மையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"தடிமனாகவே செய்யும்," என்றார் அம்மை.

மடத்தின் பின்புறத்தில் தகரக் கொட்டகை. பிளாஸ்டிக்கைத் துருவும் இயந்திரம் ஒன்றும், உருக்கி அச்சில் தள்ளும் இயந்திரம் ஒன்றும் அங்கே இருந்தன. அவற்றை இயக்குபவள் செல்லக்கிளி. அவள் வார்த்த கல்தான் மடத்து நடைபாதை முழுவதும். ஆனால் பலகை வார்க்க அவளை யாரும் கேட்டதில்லை.

"பலகையா? பண்ணலாம் சாமி. மொதல்ல தரம் பிரிக்கணும். நாலு நாள் ஆகும்."

சிகாமணி மூட்டையை எட்டிப் பார்த்தார். யாரோ தின்று மிச்சம் வைத்த தயிர்சாதம், அது இருந்த கிண்ணம், அதன்மேல் ஒரு எறும்புப் படை. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எதைப் பிரிப்பது? எதிலிருந்து எதை?" என்றார். "எல்லாம் ஒரே எண்ணெயில் பிறந்தவை. வேற்றுமை காண்பது அஞ்ஞானம்."

"பிரிக்காம போட்டா பலகை நிக்காதே."

"அஞ்ஞானம் என்கிறேன், இந்தாம்மா."

"எனக்கு இருந்துட்டுப் போகட்டும். மெஷினுக்கும் இருக்கே சாமி, அத என்ன பண்ண?"

சிகாமணி தர்க்க ஆசிரியர்; இயந்திரத்தோடு வாதிடுவதில்லை. மூட்டைகளில் நாலைந்தை அப்படியே கொட்டச் சொன்னார். தண்ணீர் பாட்டில், பால் கவர், பிஸ்கட் உறை, பிய்ந்த செருப்பு, உடைந்த குழாய்த் துண்டு, எல்லாம் போயின. செல்லக்கிளி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே போய் நின்றாள்.

சிறிது நேரத்தில் எழுந்த புகையில் தியான மண்டபம் காலியானது. பத்து ஆண்டுகளாக அசையாமல் அமர்ந்து பழகிய ஒரு துறவி, அன்று யாரும் எதிர்பாராத வேகத்தில் கிணற்றடிக்கு ஓடினார். சிகாமணி மட்டும் நகரவில்லை. கண்ணில் நீர் வழிய நின்றார். அது புகையால் அல்ல என்று பிறகு விளக்கினார்.

அச்சைத் திறந்தபோது பலகை அழகாகத்தான் இருந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன.

"பெயரும் வடிவமும் அழிந்த நிலை," என்றார் சிகாமணி.

பலகையை இரண்டு கல்லின்மேல் வைத்தார்கள். அம்மை வந்தார். சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார்.

பலகை இரண்டாகப் பிளந்தது. அம்மை தரையில் இருந்தார். மடமே மூச்சை அடக்கிக்கொண்டது. கிணற்றடித் துறவிக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை.

அம்மை உடைந்த துண்டைக் கையில் எடுத்தார். உள்ளே பாட்டில் சில்லுகள் அரைவேக்காட்டுப் பருப்பைப்போல உருகாமல் துருத்திக்கொண்டிருந்தன.

"சிகாமணியாரே, எல்லாம் ஒன்று என்றீராமே?"

"ஒன்றுதானே அம்மா?"

"ஒன்றுதான். இவற்றிடம் சொல்லிவிட்டுப் போட்டீரா?"

மூவர் சேர்ந்து அம்மையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"அந்தக் கொட்டகையில் போய்க் கற்றுக்கொண்டு வாரும்," என்றார் அம்மை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "பலகை அப்படியே பாக்கி நிற்கிறது. தீட்சையும்தான்."

மறுநாள் சிகாமணி கொட்டகையில் கால் வைத்தார். மூட்டைக்குள் இரண்டு விரலை மட்டும் விட்டார்.

"சாமி, அது பாம்புப் புத்து இல்ல. கைய முழுசா விடுங்க."

"நாற்றம் தாங்கவில்லை, இந்தாம்மா."

"நீங்க தின்னுட்டுப் போட்டதுதான். போன பௌர்ணமிக்கு லட்டு வந்த கவர் பாருங்க, இந்தா."

அவர் முழுக்கையையும் விட்டார்.

செல்லக்கிளி கற்றுக்கொடுத்தாள். கசக்கினால் மொடமொடவென்று சத்தம் போடுவது ஒரு ரகம். சத்தம் இல்லாமல் வழவழவென்று இழுபடுவது பால் கவர். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாட்டில் முங்கும், அதன் மூடி மிதக்கும். பளபளவென்று உள்ளே வெள்ளி பூசியது எதற்கும் ஆகாது.

"பாக்க பகட்டா இருக்கு பாருங்க, அதுதான் ஒண்ணுத்துக்கும் உதவாது," என்றாள். "குழாய்த் துண்டு ஒண்ணு விழுந்தாப் போதும், மொத்தமும் நாசம். அன்னிக்குப் பாத்தீங்கல்ல, உங்க ஞானத்த? ஊரே இருமுச்சு."

சிகாமணி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முதல் வாரம் அவர் பிரித்ததையெல்லாம் அவள் மறுபடி பிரித்தாள். இரண்டாம் வாரம் பாதியை. மூன்றாம் வாரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, கசங்கும் ஓசையை வைத்தே ரகம் சொன்னார். தவறு நேரவில்லை.

"பரவால்ல சாமி. வேலைக்கு ஆவீங்க," என்றாள் செல்லக்கிளி.

பன்னிரண்டு ஆண்டுகளில் மடத்தில் யாரும் அவரை அப்படிப் புகழ்ந்ததில்லை. அன்று அவர் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இருபத்தொன்றாம் நாள் புதிய பலகை தயாரானது. பால் கவரும் சோப்புத்தூள் டப்பாவும் மட்டுமே. நிறம் சேற்று நிறம். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். செல்லக்கிளி அதன்மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தாள்.

அம்மை வந்தார். இம்முறை பின்னால் மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். உட்கார்ந்தார்.

பலகை அசையவில்லை.

சிகாமணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, மண்டியிட்டு, வலது காதை அம்மையின் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரம் காதில்தான் ஓதப்படும்.

"இதில் என்னென்ன சேர்த்தீர்?" என்று கேட்டார் அம்மை.

சிகாமணி கண்ணைத் திறக்காமல் சொன்னார். சேர்த்தவை, விலக்கியவை, ஒவ்வொன்றின் பெயர், அடியில் முக்கோணத்துக்குள் பொறித்த எண், தண்ணீரில் அதன் குணம், உருகும் சூடு. மிட்டாய்க் கடைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரிடம் கற்றீர்?"

"கொட்டகையில் இருக்கும் அந்தப் பெண்ணிடம்."

"பெயர்?"

சிகாமணி கண்ணைத் திறந்தார்.

கொட்டகை வாசலில் நின்ற செல்லக்கிளி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நடத்துனர் உதவப்போக, அம்மை ஒரு விரலை உயர்த்தினார். நடத்துனர் வாயை மூடிக்கொண்டார்.

"இருபத்தொரு நாள், சிகாமணியாரே."

"கேட்கவில்லை அம்மா."

"ஏன் கேட்கவில்லை?"

சிகாமணி யோசித்தார். யோசித்து, தன் அறிவில் இருந்ததிலேயே மிக நல்ல பதிலை எடுத்து வைத்தார்.

"பெயரும் வடிவமும் மாயை என்பதால்."

"பால் கவருக்கு மட்டும் பெயர் உண்டோ?"

சிகாமணியின் காது இன்னும் அம்மையின் பக்கமே திரும்பியிருந்தது. அதில் எதுவும் ஓதப்படவில்லை.

அம்மை புடவையைச் சரிசெய்துகொண்டு, பலகையில் வாகாக அமர்ந்துகொண்டார்.

"போய்க் கேட்டுக்கொண்டு வாரும். அவசரமில்லை. பலகை சுகமாக இருக்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன்."