முத்துக்குட்டி படியில் விழுந்தானா?

தீர்ப்புச் சொல்லத் துணிகிறவர்கள் இதைக் கேட்கலாம். சொல்லி முடித்ததும் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

தென்கோடியில் ஒரு துறைமுக நகரம். அங்கே கிளாட்வின் என்பவன் நடத்திய ஏற்றுமதி நிறுவனத்தில் அமலோற்பவம் என்ற இருபத்தாறு வயதுப் பெண் வேலை பார்த்தாள். கருவாடு என்று எழுதிய பெட்டிகளில் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட கடல் அட்டை என்ற உயிரினம் போவதைக் கண்டுபிடித்தாள். சுங்கத் துறைக்குச் சொல்லப்போவதாக முதலாளியிடமே நேராகச் சொன்னாள். அன்று அவள் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் உப்பளத்து ஓடையில் உடல் கிடைத்தது. அதற்குள் கிளாட்வின் விமானம் ஏறி, தொலைதூர நாடொன்றில் போய் இறங்கிவிட்டான்.

அவனுடைய டிரைவர் முத்துக்குட்டி மட்டும் அகப்பட்டான். வழக்கை விசாரித்தவர் இன்ஸ்பெக்டர் தங்கபுஷ்பம். அவரிடம் முத்துக்குட்டி எதையும் மறைக்கவில்லை.

"மொதலாளிதான் கழுத்த நெரிச்சாரு. நான் வண்டி ஓட்டுனேன். மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலம்மா."

அவன் காட்டிய இடத்தில் அமலோற்பவத்தின் செல்போனும், அவள் பிறாண்டியதில் ரத்தக் கறை படிந்த கிளாட்வினின் சட்டையும் கிடைத்தன. அந்தச் சட்டையைப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைக்கத் தங்கபுஷ்பம் வெளியூர் போனார். மறுநாள் திரும்பியபோது முத்துக்குட்டி லாக்கப்பில் இறந்துகிடந்தான். ஏட்டு ராஜபாண்டியின் லத்தி இரண்டாக உடைந்திருந்தது.

மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "இது வெளியே போனா அந்தப் பொண்ணோட கேஸே நாசமாயிடும். யோசிச்சு எழுதுங்க."

தங்கபுஷ்பம் யோசித்தார். 'கைதி படியில் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளாட்வின் இருக்குமிடம் தெரியவும், இரு நாட்டு அரசுகளும் கடிதம் எழுதிக்கொள்ளவும் நான்கு ஆண்டுகள் ஆயின. ஒருவழியாக அந்நாட்டு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. அவனைத் திருப்பி அனுப்பலாமா கூடாதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. "என் கட்சிக்காரரின் டிரைவரைக் காவலில் அடித்துக் கொன்றார்கள். இவருக்கும் அதுதான் நடக்கும்" என்று அவனுடைய வக்கீல் வாதிட்டார். சாட்சி சொல்ல வரும்படி தங்கபுஷ்பத்துக்கு அழைப்பு வந்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர் அமலோற்பவத்தின் அப்பா இருதயராஜ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மேடம், அந்தப் பையன் செத்துட்டான். நீங்க உண்மையச் சொன்னாலும் வரமாட்டான், பொய் சொன்னாலும் வரமாட்டான். ஆனா நீங்க ஒரு பொய் சொன்னா கிளாட்வின் இங்க வருவான். எம் பொண்ணுக்காகக் கேக்கேன்."

இருதயராஜ் போனபின் முத்துக்குட்டியின் அம்மா இசக்கியம்மாள் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் மவன் படியில விழுந்தான்னு எழுதியிருக்கீயளாமே. உங்க ஸ்டேஷனுக்கு ரெண்டே படிதானம்மா."

அந்த அயல்நாட்டு நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் முடிந்ததும் வக்கீல் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "முத்துக்குட்டி படியில் விழுந்தானா?"

தங்கபுஷ்பம் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்:

"இல்லை. அடித்துக் கொன்றார்கள். நான் பொய் எழுதினேன்."

கிளாட்வினைத் தனி அறையில் வைப்போம், கேமரா பொருத்துவோம், யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம் அரசு எழுத்துமூலம் உறுதி கொடுத்தது. நீதிபதி அதை இருமுறை படித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த மனிதர்தான் கொலை செய்தார் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் உள்ளது. ஆனாலும் இவரை அனுப்ப முடியாது. ஒரு கைதியைக் கொன்றுவிட்டுப் படியில் விழுந்தார் என்று எழுதித் தந்தவர்களின் உறுதிமொழியை நான் எப்படி ஏற்பேன்?"

வேறு நாட்டில் வேறு நாட்டவர் செய்த குற்றத்தை விசாரிக்க அந்த ஊர்ச் சட்டத்தில் இடமில்லை. கிளாட்வின் வாசல் வழியாக நடந்து வெளியே போனான்.

முத்துக்குட்டிக்காவது நியாயம் கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். தங்கபுஷ்பம் ஊர் திரும்பி, அங்கே சொன்னதையே இங்கும் எழுதிக் கொடுத்தார். அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். ராஜபாண்டி மீது வழக்குப் பதிவாவதற்குள் அவன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளிநாட்டிலிருந்த மகனிடம் போய்விட்டான். அவனை அனுப்பும்படி அந்த நாட்டிடம் கேட்டார்கள். இந்திய லாக்கப்பில் தன் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று அவனும் மனுப் போட்டான். அதற்கு ஆதாரமாகத் தங்கபுஷ்பத்தின் சாட்சியத்தையே இணைத்திருந்தான். அந்த நாடும் அவனை அனுப்பவில்லை.

மகளுக்காகப் பொய் சொல்லக் கேட்டார் இருதயராஜ். கொலைகாரன் தப்புவான் என்று தெரிந்தும் உண்மை சொன்னார் தங்கபுஷ்பம். கொலைகாரன் என்று நம்பியவனையே விடுவித்தார் நீதிபதி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீதிபதி செய்தது சரி. சாகடிக்கக்கூடும் என்று தெரிந்த இடத்துக்கு ஒருவனை, அவன் எவனாக இருந்தாலும், அனுப்பக் கூடாது. இருதயராஜைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கேட்டது இன்னொரு தாயின் பிள்ளையை மறுபடி புதைக்கும் காரியம். தங்கபுஷ்பம் சொன்னதும் சரிதான். ஆனால் அதை அவர் முத்துக்குட்டி இறந்துகிடந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று எழுதியிருந்தால் ராஜபாண்டி இங்கேயே பிடிபட்டிருப்பான், அரசின் சொல்லுக்கும் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த உண்மையால் இரண்டு குற்றவாளிகள் மட்டுமே பயனடைந்தார்கள். இருதயராஜும் இசக்கியம்மாளும் இன்றும் திங்கள்தோறும் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறார்கள். ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஒருவரோடொருவர் பேசுவதில்லை.