பூஸ்டர் மேல் ஒரு அம்புக்குறி

"இந்த ஒயர் ஆகாதுங்க டீச்சர்," என்றார் பரஞ்சோதி. "டிவிக்குப் போட்ட பழசு. இதுல இன்டர்நெட் ஓடுன்னா எப்படி ஓடும்?"

டீச்சர் ஒயர் போன வழியை அண்ணாந்து பார்த்தார்.

பரஞ்சோதி தலை நரைக்கும்வரை கேபிள் டிவி நடத்தியவர். அந்தத் தொழில் படுத்த பிறகு, தன்னில் பாதி வயது உள்ள தமயந்தி டீச்சரிடம் வந்து, "நெட்வொர்க் கத்துக்குடுங்க" என்று நின்றார். கற்றுக்கொள்ளவும் செய்தார். பேசுவதைத்தான் நிறுத்தவில்லை.

அது குன்னூர்ச் சரிவில் ஒரு பெண்கள் விடுதி. தங்கியிருந்த எல்லோரும் தேயிலை பேக்கிங்கில் வேலை செய்பவர்கள், காது கேளாதவர்கள். அதிவேக இணைப்பு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. கல் சுவரை வைஃபை தாண்டாது. உடைக்க உரிமையாளர் விடமாட்டார். அறைகளுக்குள் போயிருந்தது பழைய கேபிள் ஒயர் ஒன்றுதான்.

கடைசி அறையில் செசிலி. அவளுடைய நாலு வயது மகள் தூத்துக்குடியில், கணவர் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. அம்மா சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை ஒவ்வொன்றாக மறந்துவருகிறாள் என்று தகவல் வந்ததிலிருந்து செசிலி சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சரிவில் செல்போன் சிக்னல் இல்லாததால், வீடியோவில் பிள்ளையோடு சைகையில் பேசவும் வழியில்லை.

"என்ன செஞ்சு பாத்தீங்கண்ணா?" என்று கேட்டார் டீச்சர்.

"நீங்க சொன்ன மாதிரியே இன்டர்நெட்டை ஒயர்ல ஏத்த வாசல்ல ஒரு பெட்டி, எறக்க ரூம்ல ஒரு பெட்டி. நடுவுல ஒரு பூஸ்டர்."

"பூஸ்டர் நான் சொல்லலையே."

"ஒயர் நீளமுங்க. படம் புள்ளி அடிச்சா, சிக்னலைக் கூட்ட பூஸ்டர் வெக்கிறதுதானே எங்க வழக்கம்."

"ரூம் பெட்டியில விளக்கு எரிஞ்சுதா?"

"இல்லீங்க. அதனால இன்னொரு பூஸ்டர் வெச்சேன்."

டீச்சர் செசிலியைக் கைகாட்டி அழைத்தார்.

"அண்ணா, இவங்க பிள்ளை பேர் என்னன்னு கேளுங்க."

பரஞ்சோதி அவளைப் பார்த்து, "பிள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டார். கேட்ட கையோடு கண் மேலே ஒயருக்குப் போய்விட்டது.

"கேக்கலைங்க போல," என்றார் ஒயரிடம்.

"பூஸ்டர் வெச்சுப் பாருங்க."

கிண்டல் அவருக்கு எட்டவில்லை. ஒரு நொடி அவள் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். ஓட்டு மேலிருந்த புறாக்கள் பறந்தன.

"இப்பவும் பதில் இல்லீங்க டீச்சர்."

"உங்க வாயைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு தடவையும் கையால பதில் சொன்னாங்க."

பரஞ்சோதி திரும்பினார். செசிலியின் கைகள் அப்போதுதான் தாழ்ந்துகொண்டிருந்தன.

"அண்ணா, பூஸ்டர் மேல அம்புக்குறி போட்டிருக்குமே. எந்தப் பக்கம் பாக்குது?"

"வாசல்ல இருந்து ரூமுக்குங்க. அது எப்பவும் அப்படித்தான், ஒரு பக்கம் மட்டும்தான் விடும். ரூம்ல இருந்து பதில் திரும்பி வர..."

பாதியில் நிறுத்தினார். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

விடுவிடுவென்று ஏணியில் ஏறினார். ரெண்டு பூஸ்டரையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். வெட்டிய ஒயரை நேராகச் சேர்த்து முறுக்கினார்.

கடைசி அறைப் பெட்டியில் விளக்கு மினுக்கியது. அணைந்தது. பிறகு பச்சையாக எரிந்து நின்றது.

செசிலியின் போனில் ஒரு சின்ன முகம் வந்தது. சின்னக் கைகள் மெல்ல, தப்பும் தவறுமாக அசைந்தன. செசிலி அழுதுகொண்டே பதில் சொன்னாள். வராந்தா நெடுக இருந்த பெண்கள் ரெண்டு கைகளையும் தூக்கி விரல் விரித்து ஆட்டினார்கள். அவர்களுக்குக் கைதட்டல் அதுதான்.

"இருந்த ஒயர்லயே ஓடுதுங்க!" என்று கூவ வாயைத் திறந்தார் பரஞ்சோதி. மூடிக்கொண்டார். அவரும் கைகளைத் தூக்கி ஆட்டினார்.

பிறகு செசிலி எதிரே போய் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

செசிலி சிரித்தாள். அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கையால் கேட்டுவிட்டு, போனை அவர் பக்கம் திருப்பினாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் பெயரைத் தன் கையாலேயே சொன்னாள்.