பியட் காருக்கு யூனியன் கேட்டுப் போன கதை

பெட்ரோல் டேங்க்ல இருந்து வர்ற டியூப்போட முனையில டியூப்ப இறுக்கிப் புடிக்கற நட்டாட்ட ஒரு பித்தளை மறை இருக்கும். அதுக்குப் பேரு யூனியன். எங்க பழைய பியட்டுல அது விரிஞ்சு, ஒழுகி, காரு படுத்தே போச்சு. "சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வேற யூனியன் வாங்கி மாட்டு. இல்லைன்னா காயலாங்கடைக்குத்தான்"னு எங்கப்பா சொல்லிட்டாரு. பஞ்சு மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, சொன்னா சொன்னதுதான். ஆனா நான் பத்தாவது படிக்கறப்ப, "காலேஜ் முடிச்சதும் இந்தக் காரு உனக்குத்தான்"னு சொன்னதும் இதே மனுசன்தான். அதக் கேட்டா மட்டும் காது கேக்காது.

சனிக்கெழம முச்சூடும் உக்கடத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடையா ஏறி எறங்குனேன். நான் மெக்கானிக்கல் மூணாவது வருசம். ஆனா பொண்ணுன்னு பார்த்ததும், போற எடமெல்லாம் "அப்பாவ வரச் சொல்லு கண்ணு"ங்கறாங்க. வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா, காயலாங்கடை சென்னியப்பண்ணன் டெம்போவ நிறுத்திட்டு, கயிறும் கையுமா காருக்கு முன்னால நிக்கறாரு.

"யூனியன் கெடைச்சுதா?"ன்னாரு அப்பா.

"கெடைச்சுதாவா? கோயமுத்தூரு யூனியனே இப்ப என் கையிலதாங்கப்பா இருக்குது. உக்காருங்க, சொல்றேன். அண்ணா, அந்தக் கயித்தக் கீழ வெய்ங்க. கயித்தப் புடிச்சுட்டுக் கேட்டா காதுல ஏறாது."

ரெண்டு பேரும் உக்காந்தாங்க.

"மொதக் கடையில போயி, 'யூனியன் இருக்குங்களா'ன்னு கேட்டேன். மொதலாளி மூஞ்சி சுண்ணாம்பாட்ட வெளுத்துருச்சு. 'அதெல்லாம் எங்க கடையில கெடையாதுங்க, இங்க இருக்கறதெல்லாம் சொந்தக்காரப் பசங்க'ன்னு ஷட்டர எறக்கிட்டாரு."

"நானும் இத்தன வருசமா யாவாரம் பண்றேன். என்னையப் பார்த்து ஒருத்தனும் ஷட்டர எறக்குனதில்ல"ன்னாரு சென்னியப்பண்ணன்.

"உங்களப் பார்த்தா யாருக்குங்ணா பயம் வரும்?"

அப்பா சிரிப்ப மீசைக்குள்ள ஒளிச்சுட்டாரு.

"ஷட்டருக்குள்ள மாட்டுன பசங்க சும்மா இருப்பாங்களா? 'அந்த அம்மிணி என்னமோ யூனியன்னுச்சே'ன்னு பேச ஆரம்பிச்சு, ஷட்டரு தெறக்கறதுக்குள்ள சங்கமே கட்டிட்டாங்க. மொதல்ல அந்த வார்த்தையச் சொன்னது நாந்தானே, நாந்தான் தலைவராம். தோளுல தூக்கிட்டாங்க. 'தோழர் கோகிலவாணி வாழ்க'ன்னு ஒரே சத்தம். அப்பறம் நான் யூனியன் கேட்ட கடையெல்லாம் வேலைநிறுத்தம். டீக்கடைக்காரரு டீ ஆத்திட்டிருந்தவரு அப்படியே கையை எடுத்துட்டாரு. அந்த டீ இன்னும் அந்தரத்துலதான் நிக்குது."

"டீ நிக்குதா?"ன்னாரு சென்னியப்பண்ணன்.

"நம்பலைன்னா போய்ப் பாருங்க. எறும்பு ஏறிட்டிருக்குது."

"சரி, அப்பறம்?"ன்னாரு அப்பா.

"அப்பறம் ரயிலு. போத்தனூர்ல பாலக்காட்டு வண்டி டிரைவரு எறங்கி, 'தோழர், நாங்களும் வர்றோம்'னாரு. டிரைவரு வந்தா வண்டி மட்டும் அங்க என்ன பண்ணும்? அதுவும் தண்டவாளத்த விட்டு எறங்கி ஊர்வலத்துல கடைசியா வந்துச்சு. கூட்ட நெரிசல்ல ரெண்டு பெட்டி தொலைஞ்சு போச்சுங்கப்பா. மைக்குல பேரு சொல்லிக் கூப்புட்டுத்தான் கண்டுபுடிச்சோம்."

"அம்மிணி, ரயிலு ரோட்டுல வந்தா ரோடு என்னத்துக்கு ஆகும்?"

"ரோடு எங்க இருந்துச்சு? அதுவும் எந்திரிச்சு ஊர்வலத்துல சேர்ந்துருச்சே. குறுக்க பேசாதீங்ணா. இதெல்லாம் பார்த்துட்டிருந்த சூரியனும் நின்னுருச்சு. 'கோரிக்கை தீர்ற வரைக்கும் மேக்க எறங்க மாட்டேன்'னு சொல்லிருச்சு. அதனால நாயமாப் பார்த்தா இன்னும் சாயங்காலமே ஆகல. உங்க கெடு முடியலீங்கப்பா."

சென்னியப்பண்ணன் அண்ணாந்து பார்த்தாரு. "இருட்டிட்டு வருதே அம்மிணி."

"அது மேகம்."

"சரி மேகம். யூனியன் என்ன ஆச்சு?"ன்னாரு அப்பா.

"மொதலாளிக எல்லாரும் பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க. 'என்ன வேணும் தாயி'ன்னாங்க. 'பியட்டுக்கு ஒரு யூனியன்'னேன். அவ்வளவுதானான்னு ஒப்பாரி வெச்சுட்டாங்க. வெள்ளித்தட்டுல பட்டு விரிச்சு, அதுக்கு மேல பளபளன்னு ஒரு யூனியன் வெச்சு நீட்டுனாங்க."

"குடு, மாட்டிப் பார்த்தர்லாம்."

"நான் எங்கங்கப்பா வாங்குனேன்? தலைவரு மொதலாளி கையால ஒண்ணு வாங்குனா ஊரு என்ன பேசும்? வெல போயிட்டான்னு பேசாதா? வேண்டாம்னு வந்துட்டேன்."

சென்னியப்பண்ணன் மெதுவா எந்திரிச்சாரு.

"ஆகமொத்தம் யூனியன் இல்ல"ன்னு கயித்த எடுத்தாரு.

நான் ஒரே தாவு. காரு பானெட்டு மேல ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். "மறியல். கட்டறதுன்னா என்னையும் சேர்த்துக் கட்டுங்க. எடைக்குப் போடறதுன்னா என்னையும் சேர்த்துப் போடுங்க."

"பித்தளை ரேட்டா, இரும்பு ரேட்டா?"ன்னு அண்ணன் அப்பாவக் கேட்டாரு.

அப்பா என்னைய ஏற எறங்கப் பார்த்தாரு. "கயித்தச் சுருட்டு சென்னியப்பா. நானும் ஸ்ட்ரைக்குல கஞ்சித்தொட்டிக் கஞ்சியக் குடிச்சுட்டு மில்லு வாசல்ல படுத்தவன். மறியல்ல உக்காந்திருக்கற ஆளத் தாண்டி வண்டி எடுக்கறது நல்லால்ல. அடுத்த சனிக்கெழம பார்த்துக்கலாம்."

ஜெயிச்சுட்டேன். எறங்கறதுக்குக் கால நீட்டுனேன்.

"நீ எங்க எறங்கறே? போராட்டம் அடுத்த சனிக்கெழம வரைக்கும்ல?"

அந்நேரம் பார்த்து, ஒப்புட்டு ஆறிட்டிருக்குதுன்னு அம்மா உள்ள இருந்து கூப்புட்டாங்க. அப்பா சென்னியப்பண்ணன் தோளுல கையப் போட்டாரு.

"வா சென்னியப்பா, சூடாத் தின்னுட்டுப் போலாம். தலைவருக்குக் கஞ்சித்தொட்டி தெறக்கச் சொல்றேன்."